ஆட்டம் யாருடையது?

வீடியோ கேம் என்றால் குழந்தைகள் சமாசாரம் என்று நினைப்பவரா நீங்கள்? ஒரே ஒரு தடவை 'டெட்ரிஸ்' ஆடிப் பாருங்கள். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் உண்டாக்கியது. மேலிருந்து விழும் கட்டைகள் ஏழே தினுசு. கதையும் கிடையாது, கதாநாயகனும் கிடையாது. ஆனாலும் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது! 1980-ல் ஜப்பானில் பிறந்த 'பாக்-மேன்' இன்னும் மோசம். நாலு பேய்கள் துரத்தும்போது சாப்பாட்டு நினைவு யாருக்கு வரும்?

புதியவை மட்டம் என்று சொல்லமாட்டேன். 2022-ல் வந்த 'எல்டன் ரிங்'கின் காடும் கோட்டையும் கண்ணுக்கு விருந்து. அதில் ஒரு பூதத்திடம் முப்பது தடவை செத்து, அடுத்த தடவை ஜெயித்தபோது நான் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார்!

ஆனால் ஒரு சங்கதி உறுத்துகிறது. 2014-ல் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய ஆட்டம் வந்தது. தனியாக ஆடினாலும் கம்பெனியின் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களிடம் வெறும் வட்டத்தகடுதான் மிஞ்சியது. பரணில் கிடக்கும் என் பழைய 'கேம் பாய்' கருவியிலோ, பாட்டரி போட்டால் இன்றும் டெட்ரிஸ் கட்டைகள் விழுகின்றன.

ஆகவே, அடுத்த ஆட்டம் வாங்கும்போது, "படம் பிரமாதமா?" என்று கேளுங்கள். கூடவே, "பத்து வருஷம் கழித்தும் இது என்னுடையதுதானா?" என்றும் கேட்டுவிடுங்கள்.