ஐஸ் வாட்டர் கொடுத்து ஆளான கடை!

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் காரில் போனால் ஒரு கஷ்டம். பார்க்க ஒன்றுமே இருக்காது! இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் புல், நடுவில் ரோடு. சியூ ஃபால்ஸிலிருந்து மேற்கே கிளம்பிய அரை மணியில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

காப்பாற்றியது போர்டுகள்தான். 'ஐஸ் வாட்டர் இலவசம்', 'காபி 5 சென்ட்' என்று ஏதோ 'வால் ட்ரக்'காம். 450 கிலோமீட்டருக்கு மேல் விடாமல் துரத்தின.

"யாருங்க இது, இவ்ளோ தூரம் வந்து கூப்பிடறது?"

"ஒரு மருந்துக் கடை ஸார்" என்றார் கார் ஓட்டிய நண்பர்.

வால் என்ற அந்த ஊரில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. அந்தக் கடைக்கோ வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் பேர் வருகிறார்கள். தலைவலி மாத்திரைக்கா? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

டெட் ஹஸ்டெட் என்ற இளைஞர் 1931-ல் அப்பா விட்டுப்போன 3,000 டாலரைப் போட்டு இந்தக் கடையை வாங்கினார். ஊரில் அப்போது 326 பேர். பொருளாதார மந்தம், போதாததற்கு வறட்சி. விவசாயி கையில் காசில்லை; காசில்லாதவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் கஷாயம்தான்! 'ஐந்து வருஷம் பார்ப்போம், தேறாவிட்டால் மூட்டை கட்டுவோம்' என்று டெட்டும் மனைவி டோரத்தியும் முடிவு செய்தார்கள்.

கெடு நெருங்கியது. 1936 கோடையில் ஒரு ஞாயிறு மத்தியானம், குழந்தைகளோடு கொஞ்சம் கண்ணயரப் போனார் டோரத்தி. தூக்கம் வரவில்லை. ரோட்டில் கார்ச் சத்தம். நமக்கென்றால் திட்டத் தோன்றும். அந்த அம்மாவுக்கோ வேறு தோன்றியது: இந்த வெயிலில் போகிற அத்தனை பேருக்கும் தாகம் எடுக்குமே! ஐஸ் வாட்டர் சும்மா தருவோம், கூப்பிட்டால் வரமாட்டார்களா?

நம்மூர்த் தண்ணீர்ப் பந்தல்தான். ஆனால், கூப்பிட்ட விதத்தில்தான் சாமர்த்தியம். ஒரே போர்டில் எல்லாவற்றையும் எழுதவில்லை. அப்போது 'பர்மா ஷேவ்' என்ற ஷேவிங் க்ரீம் கம்பெனி, ரோட்டோரம் வரிசையாகப் போர்டு நட்டு, ஒன்றுக்கு ஒரு வரியாகப் பாட்டெழுதி அசத்திக் கொண்டிருந்தது. அதே பாணியைப் பிடித்தார்கள். அடுத்த வரி என்ன என்று பார்க்கத் தோன்றுமா, தோன்றாதா?

ஒரு ஹைஸ்கூல் பையனைக் கூட்டிக்கொண்டு போர்டுகளை நட்டுவிட்டு டெட் திரும்புவதற்குள், கடையில் கூட்டம்! தண்ணீர் குடித்தவர்கள் ஐஸ்க்ரீம் கேட்டார்கள். அடுத்த கோடையில் எட்டுப் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது அது கடையே அல்ல, திருவிழா! நெடுஞ்சாலையோரம் 80 அடி டைனோசர். உள்ளே இன்னொன்று உறுமிக் குழந்தைகளை அலற வைக்கிறது. கொம்பு முளைத்த ராட்சச முயல் மேல் ஏறி ஃபோட்டோ எடுக்கிறார்கள். மூலையில் மருந்துக் கடையும் இருக்கிறது. ஐஸ் வாட்டர் இன்றைக்கும் இலவசம்.

சும்மா சொல்லக்கூடாது, தண்ணீர் ஜில்லென்று இருந்தது. காபிக்கு 5 சென்ட் போட்டேன். வெளியே வந்தபோது என் தலையில் ஒரு கௌபாய் தொப்பி!

"என்ன ஸார், தண்ணி குடிக்கத்தானே போனீங்க?" என்றார் நண்பர்.

டோரத்தி அன்றைக்கு மட்டும் நன்றாகத் தூங்கியிருந்தால், எனக்கு இந்தச் செலவு மிச்சம்!