குளோவர் விதையும் மாலிப்டினமும்

நுண்ணூட்டத்தை வயலெங்கும் இறைக்காமல் விதையின் மேலேயே பூசி விதைப்பதுதான் நுண்ணூட்ட விதை நேர்த்தி. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் உண்டு. மெல்பர்னின் புறநகரான ரோவிலைத் தாண்டித் தென்கிழக்கே போனால் கிப்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள் தொடங்கிவிடும். அங்குள்ள அமில மண்ணில் பல இடங்களில் குளோவர் என்ற தீவனப் பயறுச் செடிக்குக் கிடைக்காத சத்து மாலிப்டினம்.

வயல்வெளியில் இந்தக் குறை முதலில் பிடிபட்டதே ஆஸ்திரேலியாவில்தான். தெற்கு ஆஸ்திரேலியாவின் மெடோஸ் பகுதியில், மரச்சாம்பல் இட்ட இடத்தில் குளோவர் செழித்ததன் காரணத்தைத் துருவிப்போன ஏ. ஜே. ஆண்டர்சன், அது மாலிப்டினத்தின் வேலை என்று 1942இல் காட்டினார். வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கப் பயன்படுத்தும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். அமில மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. முடிச்சு இருந்தும் தழைச்சத்து இல்லாமல் செடி வெளிறி நிற்கும்.

தேவை என்னவோ ஹெக்டேருக்குச் சுமார் 50 கிராம் மாலிப்டினம்தான். இத்தனை சிறிய அளவை ஒரு ஹெக்டேரில் சீராகத் தூவ யாராலும் முடியாது. சூப்பர் பாஸ்பேட்டுடன் கலந்து இடுவது ஒரு வழி. விதையோடு சேர்த்துவிடுவது மற்றொன்று.

சப்டெரேனியன் குளோவர் நிலக்கடலைபோலக் காயை மண்ணுக்குள் புதைக்கும் செடி. இலையுதிர்கால மழையை எதிர்பார்த்து அதை விதைப்பார்கள். அதற்குமுன் பண்ணைக் கொட்டகையில் விதைப்பூச்சு நடக்கும். சிமென்ட் கலக்கும் இயந்திரமே பல பண்ணைகளில் இதற்குப் போதும். மெத்தில் செல்லுலோஸ் பசையை வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறியபின் ரைசோபியம் கலந்த பீட் (சதுப்புநில மட்கு) பொடியைச் சேர்க்கிறார்கள். சூடு இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். சுழலும் விதைமேல் இதை ஊற்றினால் விதையெல்லாம் கறுத்து ஈரமாகும். உடனே மாலிப்டினம் ட்ரையாக்சைடு கலந்த நைசான சுண்ணாம்புக்கல் பொடியை ஒரே வீச்சில் கொட்ட வேண்டும். சிறிது சிறிதாகப் போட்டால் விதைகள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். பொடி ஏறிய விதைகள் வெள்ளை மணிகளாகத் தனித்தனியே உருளத் தொடங்கியதும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். மேலும் சுற்றினால் பூச்சு உதிரும். அந்தக் கணத்தைக் கண்டுகொள்வதில்தான் வேலைக்காரரின் தேர்ச்சி இருக்கிறது.

பொருளைத் தேர்வதிலும் கவனம் தேவை. நீரில் எளிதில் கரையும் சோடியம் மாலிப்டேட் விதைமேலுள்ள ரைசோபியத்தைக் கொன்றுவிடும், அதனால்தான் ட்ரையாக்சைடு. கட்டட வேலைக்கான நீற்றுச் சுண்ணாம்பும் இதே கெடுதலைச் செய்யும். எல்லாம் சரியாக அமைந்தாலும் பூசிய விதையை நாள்கடத்தாமல் விதைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் அதன்மேல் இருப்பது உயிருள்ள சரக்கு.

தமிழ்நாட்டில் உளுந்துக்குச் சொல்லப்படும் முறை வேறு. லிட்டருக்கு 100 மில்லிகிராம் துத்தநாக சல்பேட் கரைத்த நீரில் விதையை 3 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்துகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இந்த விதைக் கடினப்படுத்தலுக்கு இயந்திரமோ பசையோ வேண்டாம். செலவு குறைந்த இந்த முறை இன்னும் பல மானாவாரி விவசாயிகளைச் சென்றடைய வேண்டும்.

மீண்டும் குளோவர் நிலத்துக்கு வந்தால், மாலிப்டினத்தை அடிக்கடி கொடுக்கக்கூடாது. புல்லில் அது மிகுந்தால், மேயும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் செம்புச் சத்து உடலில் சேராமல் போகும். மாடுகளுக்குக் கழிச்சல் காணும், மயிர் நிறம் வெளுக்கும். ஒருமுறை இட்டது சில ஆண்டுகளுக்குத் தாங்கும். மறுபடி இடுவதற்குமுன் இலையைச் சோதித்து, மந்தையின் செம்பு நிலையையும் பார்த்துக்கொள்கிறார்கள்.