மாடிக்கு முறை

2020 பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் வீதியுலா இல்லை. நீர்மோர்ப் பந்தலும் நெரிசலும் இல்லாத மாடவீதியைப் பால் பாக்கெட் வாங்கப் போகும் சாக்கில்தான் பார்த்தேன். மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. கல்லூரி கடைசி வருஷம் எனக்கு. முதல் வாரம் லீவு மாதிரிதான் போனது.

எங்களுடையது ஒரு போர்ஷன். கூடம், ஓர் அறை, சமையலறை. சாயங்காலமானால் அப்போதைய சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் டிவியில் கொரோனா எண்ணிக்கை வாசிப்பார், அப்பா அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். அறையில் பாட்டி, ஒரு மூலையில் தம்பியின் ஆன்லைன் வகுப்பு. தனிமை இளைஞர்களை வாட்டுகிறது என்று பேப்பரில் எழுதினார்கள். எனக்குக் கிடைக்காததே அதுதான்.

மிச்சமிருந்தது மொட்டைமாடி. அதற்கும் முறை வந்துவிட்டது. காலையில் வடாம், சாயங்காலம் கீழ்வீட்டு மாமாவின் நடை, ஒன்பதுக்கு மேல் நானும் பக்கத்து போர்ஷன் அக்காவும். தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்; இருவரும் போனில். அவர் அழுதது எனக்குக் கேட்கும். கேட்காதது போல இருப்பேன்.

நான் பேசியது பெரும்பாலும் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த தூத்துக்குடி நண்பனோடு. ஜூன் 19 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் மறுபடி முழு ஊரடங்கு என்றதும் பரனூர் டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டின. அவனும் போய்விட்டான். மெட்ராஸ்காரன் வந்துட்டான் என்று ஊரில் ஒதுங்கினார்களாம், தோட்டத்து ஷெட்டில் படுக்கை. "அங்க ரூம்ல அத்தன பேரு, இங்க நான் மட்டும். ரெண்டுலயும் தூக்கம் வரலடா."

எனக்கும் வரவில்லை. பரீட்சை செப்டம்பருக்குப் போனது, வேலையில் சேரும் தேதி அதற்கும் அப்பால். ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது அது மட்டுமல்ல என்று இப்போது தோன்றுகிறது. 29சி-யின் ஜன்னல் சீட், நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சு, பெசன்ட் நகர் பீச்: யாருடைய பிள்ளையாகவும் இல்லாமல் அரைமணி இருக்க முடிந்த இடங்கள். பஸ் செப்டம்பர் 1-இல் வந்தது. மெரினாவைத் திறக்க டிசம்பர் 14 ஆனது. டாஸ்மாக் ஆகஸ்டிலேயே திறந்தாயிற்று!

2021 மே 10-இல் இரண்டாம் அலையின் முழு ஊரடங்கு. இந்த முறை மாடிக்கு யாரும் முறை பேசவில்லை. சாயங்கால நேரம் காலியாகவே கிடந்தது. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. வடாமும் யாரும் இடவில்லை.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 சதவீதம் கூடின, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும்தான் அடி அதிகம் என்று 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது தொட்டிக்கு அந்தப் பக்கத்து அக்காவைத்தான் நினைத்தேன். ஊரடங்கு தேவைப்பட்டது, மறுக்கவில்லை. பால், காய்கறிக்கு நேரம் ஒதுக்கிய அரசு, பூங்காவுக்கும் ஒரு மணி நேரம் யோசித்திருக்கலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை வந்தது. உங்கள் வீட்டில் இன்றும் தூங்காமல் புரளும் பிள்ளை இருந்தால் 14416 என்ற எண்ணைச் சொல்லி வையுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.