கொலம்பியா ஆற்று மேட்டில் ரோடின்

போர்ட்லண்டு நகரிலிருந்து கொலம்பியா ஆற்றை ஒட்டியே கிழக்கு நோக்கி ஏறக்குறைய 160 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால், ஈரமும் பசுமையும் நிறைந்த மலைச்சாரல்களெல்லாம் பின்தங்கிப்போய், காய்ந்த புல்லும் கரும்பாறையும் ஓயாத காற்றுமே மிஞ்சிய ஒரு பிரதேசம் வருகிறது; அங்கே, வாஷிங்டன் மாகாணக் கரையில், ஆற்றைப் பார்த்த உயர்ந்த மேட்டின்மீது, அக்கம்பக்கத்தில் நகரம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லாமல் தனித்து நிற்கும் சதுரமான கான்கிரீட் மாளிகைதான் மேரிஹில் கலைக்கூடம். அதற்குள்ளே பிரெஞ்சு மகாசிற்பி ரோடினின் கைப்பட்ட வெண்கலமும் களிமண்ணும் சாந்துமான உருவங்களும் சித்திரங்களுமாக எண்பதுக்கு மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. பாரிஸில் காணவேண்டிய இவை இந்த வனாந்தரத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. அங்கிருந்த பழைய புகைப்படங்களையும் விவரக் குறிப்புகளையும் பார்த்து, பிறகு கிடைத்த நூல்களையும் புரட்டி, அதன் விடையைத் தேடலானேன்.

மாளிகையைக் கட்டியவர் ஸாம் ஹில். ரயில்வே அதிபர் ஜேம்ஸ் ஹில்லின் மருமகன். மேற்கின் மழையும் கிழக்கின் வெயிலும் சந்திக்கும் பாக்கியமான இடம் இது என்று நம்பி, 1907-இல் இங்கே சுமார் 5,300 ஏக்கர் நிலத்தை வாங்கி, க்வேக்கர் சமயத்தாரைக் குடியேற்றி ஒரு விவசாய சமுதாயத்தை உண்டாக்க அவர் சங்கற்பித்தார். ஆனால் மழையோ மலைத்தொடருக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. தண்ணீரில்லாத நிலத்துக்குக் குடியானவர்கள் வரவில்லை. 1914-இல் தமக்கெனத் தொடங்கிய மாளிகையின் வேலையும் 1917-இல் நின்றுபோயிற்று. நல்ல சாலைகளே தேசத்தின் அபிவிருத்திக்கு ஆதாரம் என்று ஆயுள் முழுதும் பிரசாரம் செய்து, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இம்மேட்டில் வளைந்து வளைந்து ஏறும் தார்ச்சாலையைப் போட்ட அந்த மனிதருக்கும் சிற்பக் கலைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தத்தை உண்டாக்கியவள் ஒரு நர்த்தகி. இல்லினாய் மாகாணத்தில் பிறந்து, விரிந்து சுழலும் பட்டாடைகளின்மேல் பல வர்ண மின்னொளியைப் பாய்ச்சி ஆடும் புதுமையால் பாரிஸ் நகரையே வசப்படுத்திய லோயி ஃபுல்லர், ரோடினுக்கும் சிநேகிதி, ஸாம் ஹில்லுக்கும் சிநேகிதி. பாதியில் நின்ற மாளிகையைக் கலைக்கூடமாக்கிவிடும்படி அவருக்கு யோசனை சொன்னவள் அவள். ரோடினின் படைப்புகள் அவர் கைக்கு வந்ததும் அவள் மூலமாகத்தான். ஸ்தாபகர் என்ற பெயர் ஹில்லுக்குச் சேரட்டும். இக்கலைக்கூடத்தின் முதல் எண்ணம் அவளுடையது என்பதை நான் அழுத்தியே சொல்வேன்.

அவளுடைய மற்றொரு சிநேகிதி ருமேனியாவின் மேரி ராணி. 1926 நவம்பர் 3-ஆம் தேதி, ரயிலில் வந்து இறங்கி, பூச்சு வேலைகூட முடியாத வெறுங் கான்கிரீட் சுவர்களுக்கிடையே நின்று, அந்த ராணி இதைப் பிரதிஷ்டை செய்துவைத்தார். கனவு காண்கிறவர்களின் செய்கை பிறருக்கு விளங்காமற்போவதுண்டு என்ற கருத்துப்பட அவர் அன்று பேசியதைப் படித்தபோது, ஊராரின் பரிகாசத்துக்கு முன்னால் தம் நண்பரைக் கைவிடாத அந்தப் பெருந்தன்மைக்கு என் மனம் வணங்கிற்று. அவர் அளித்த ஆசனங்களும் திருவுருவப் படங்களும் இன்றும் இங்கே இருக்கின்றன.

ஃபுல்லர் 1928-இலும் ஹில் 1931-இலும் காலமானார்கள். கட்டிடம் அப்போதும் முடிந்தபாடில்லை. ஃபுல்லரின் சிநேகத்தால் ரோடினிடம் பக்தி கொண்டு, ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பெரிய கலைக்கூடத்தையே எழுப்பியிருந்த ஆல்மா ஸ்ப்ரெக்கெல்ஸ் என்ற சீமாட்டி இதையும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு, தம் சேகரத்திலிருந்து பலவற்றைக் கொடுத்து, ஹில்லின் பிறந்த நாளான மே 13-ஆம் தேதியில், 1940-ஆம் ஆண்டு, கதவைத் திறக்கச் செய்தார். யுத்தத்தால் நலிந்த தங்கள் தொழிலை மீட்பதற்காகப் பாரிஸின் ஆடைக் கலைஞர்கள் 1945-இல் கம்பிப் பொம்மைகளுக்கு உடுத்தி உலகுக்குக் காட்டிய சிற்றுடைகள், கண்காட்சி முடிந்து ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு கடையில் கேட்பாரற்றுக் கிடந்தபோது, 1952-இல் அவை இங்கே வந்து சேர்ந்ததற்கும் அவருடைய முயற்சியே காரணம்.