ஆச்சி சொன்ன பெயர்கள்

குவைத்தில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. ஒரே வளாகத்துக்குள் பல மொழிச் சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு கூடுகின்றன. எங்கள் தமிழ் ஆராதனை முடிவதற்குள் அடுத்த சபையார் வாசலில் வந்து நிற்பார்கள். ஏசி அறை, நல்ல பாட்டு, நல்ல பிரசங்கம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எழுந்து வரும்போது நெஞ்சு நிறைவதில்லை.

மணிச்சத்தம் இல்லை. முதலில் அதுதான்.

எங்கள் ஊர் மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கம். 1847-இல் பிரதிஷ்டையான பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம், 192 அடி, பனங்கூட்டத்துக்கு மேலே தொலைவிலிருந்தே தெரியும். எங்கள் கோயில் சின்னது, மணியும் சின்னதுதான். இருட்டோடு அது அடிக்கும்போது அப்பா அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டியிருப்பார். முதல் பனையின் தூரில் கை வைத்துக் கண்ணை மூடுவார். உதடு மட்டும் அசையும். அப்புறம் ஏறுவார். அடுத்த பனை, மறுபடி அதே கை, அதே உதடு. காலையில் முப்பது நாற்பது மரம், சாயங்காலம் திரும்பவும் அதே மரங்கள். பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்களும் ஜெபித்துவிட்டு ஏறியவர்கள்தாம். அப்பாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? மறுநாளும் கை தூரில் இருக்கும்.

அந்த நம்பிக்கையைத்தான் தேடுகிறேன். விழமாட்டேன் என்ற நம்பிக்கை அல்ல அது. விழுந்தாலும் ஆண்டவர் கைக்கு வெளியே விழமாட்டேன் என்பது.

ஆடி, ஆவணிக்குமேல் பதனி வற்றிவிடும். பதனி காய்ச்சும் விடிலியில் அடுப்பு எரியாது. கருப்பட்டி விற்ற காசு பழைய கடனுக்குப் போய்விடும். அடைமழை மாதங்களில் ஆச்சி உலைக்கு அரிசி எடுக்கும்போது முதலில் ஒரு கைப்பிடி எடுத்து ஓலைப்பெட்டியில் போடுவாள், கோயிலுக்கு. திருநெல்வேலிச் சபைகளில் வீட்டுக்கு வீடு இருந்த வழக்கம். கஞ்சியில் பருக்கையைத் தேட வேண்டியிருந்த நாளிலும் அந்தப் பிடி சிறுக்காது.

"பிள்ளையளுக்கே காணாதே அத்தை" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அவருக்குள்ளத எடுத்து வையி. மிச்சத்த அவரு பாத்துக்கிடுவாரு."

ஆச்சி அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் வாய்க்கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். பசி என்ன செய்யும் என்று எங்களைவிட அவளுக்குத் தெரியும். இன்று என் காணிக்கை மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போய்விடுகிறது. கை அரிசியைத் தொடுவதில்லை. எதுவும் குறைந்ததாகவே தெரிவதில்லை.

இப்போது ஊரில் பனையேற ஆளில்லை. விடிலி இருந்த இடத்தில் உடைமுள் அடர்ந்துவிட்டது. அப்பா இல்லை. ஆச்சி போய் வெகுகாலம்.

நான் வெளிநாடு கிளம்பிய அன்று அப்பா நடையில் நின்று 121ஆம் சங்கீதத்தை வாசித்தார். கடைசி வசனத்தில் குரல் உடைந்தது. அந்தக் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை.

போன வருஷம் வேலை போகும் நிலை வந்தது. பிள்ளைகளின் படிப்பு, ஊரில் வீட்டுக்கடன், எல்லாம் கண்முன் நின்றன. இரவில் அறைக்கதவைச் சாத்திவிட்டு முழங்காலிட்டேன். வார்த்தைகள் வந்தன. சொல்லப்போனால், ஆச்சியைவிட அழகான வார்த்தைகள். ஆனால் அறையில் என் குரல் மட்டுமே இருந்தது. வீட்டைவிட்டுத் தூரம் வந்த உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். கஷ்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கூட முழங்காலிடத்தான் ஆளில்லை.

ராத்திரி ஜெபத்தில் ஆச்சி ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஒப்புக்கொடுப்பாள். பேரப்பிள்ளைகள் முதலில். எனக்கு அடுத்து சினைப்பசு வரும், அதற்கடுத்து எங்களுக்குக் கடன் கொடுத்த கடைக்காரர், அவர் வீட்டுச் சுகமில்லாத பிள்ளை, கட்டிலோடு கிடந்த அந்த மனிதர்கள். தூக்கத்தில் சாய்ந்துவிடுவோம், அவள் நிறுத்தமாட்டாள். அந்த வரிசையில், பசுவுக்கு முன்னால், இன்னும் ஒரே ஒரு ராத்திரி எனக்கு இடம் வேண்டும்.