திட்டினாலும் நம்ம டீம்!

காஞ்சிபுரம் போகிறவர்களை முகத்தை வைத்தே இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். பெருமாளைப் பார்க்கப் போகிறவர் சாந்தமாக உட்கார்ந்திருப்பார். பட்டுப் புடவை எடுக்கப் போகிற வீட்டு ஆம்பிளை, ரயில் ஏறியதிலிருந்து பர்ஸைத் தடவிக்கொண்டே இருப்பார். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை காலை மூன்றாவதாக ஒரு ரகத்தைப் பார்த்தேன். தாம்பரத்தில் ஏறிய இளைஞர் கூட்டம் மொத்தமும் துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. அதில் இரண்டு பேர் மஞ்சள் பனியன் வேறு!

காரணம் உங்களுக்கே தெரியும். முந்தின நாள் ராத்திரி சேப்பாக்கத்தில் நம்ம சி.எஸ்.கே. பண்ணின காரியம் அப்படி. ருதுராஜுக்கு முழங்கையில் அடி, இந்த சீசனே அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தோனி மறுபடி கேப்டன். ‘தல வந்தாச்சு, இனிமே பாரு’ என்று ஊரே விசிலை எடுத்து வாயில் வைத்தது. 20 ஓவரில் 103 ரன், 9 விக்கெட். கொல்கத்தா அதைப் பத்து ஓவர், ஒரு பந்தில் அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது. 59 பந்து பாக்கி! ரசிகர்களுக்குக் கிடைத்த ஒரே லாபம், கூட்டமில்லாத ரயிலில் வீடு திரும்பியதுதான்.

அது தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. சேப்பாக்கத்தில் மட்டும் வரிசையாக மூன்று. அந்த மைதானத்தில் இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. 2008-க்கு அப்புறம் அங்கே ஜெயிக்காத பெங்களூரு வந்து ஜெயித்தது. 2010-க்கு அப்புறம் ஜெயிக்காத டெல்லியும் வந்து ஜெயித்தது. வேண்டுதல் பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்த வருஷம் பார்த்து வரிசையில் நின்று நிறைவேற்றிக்கொண்டார்கள்.

செங்கல்பட்டு தாண்டி பாலூர், வாலாஜாபாத் என்று ரயில் ஆற அமரப் போனது. ஓப்பனிங் பேட்ஸ்மேன்கள் மாதிரியே! துக்கம் மெள்ளக் கோபமாக மாறியது.

“ஒம்பதாவது ஆளா எறங்கறதுக்கு எதுக்கு ஸார் பேட்டு? விசிறி எடுத்துக்கினு வரலாம்!”

பெங்களூரு மேட்ச்சில் தோனி ஒன்பதாவதாக இறங்கினதைச் சொல்கிறார்.

“அஞ்சு கப்பு வாங்கிக் குடுத்தவரை அப்படிப் பேசாதப்பா.”

“அதுக்காக? எங்க தாத்தாகூடத்தான் அந்தக் காலத்துல கபடி ஆடினாரு. இப்ப இறக்கி விடலாமா?”

ஏலத்தில் எடுத்தது தப்பு, எடுக்காதது அதைவிடத் தப்பு, பிட்ச் தப்பு, கோச் தப்பு. காஞ்சிபுரம் வருவதற்குள் ஒருத்தரையும் பாக்கி வைக்கவில்லை. ஆனால் பாருங்கள், இறங்கும்போது மஞ்சள் பனியன் கேட்டது: “திங்கக்கிழமை லக்னோ மேட்ச்சு... எங்க பார்க்கலாம்?”

இந்த ஒரு கேள்வி அன்றைக்கு முழுக்க என்னோடு காஞ்சிபுரம் பூராவும் சுற்றியது.

தங்கை கல்யாணத்துக்குப் பட்டு. அம்மாவும் தங்கையும் காந்தி ரோடு கடைக்குள் நுழைந்தார்கள். அரக்குக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நடுவே பஞ்சாயத்து தொடங்கியதும் நான் நழுவி ஓர் ஆட்டோ பிடித்துப் பிள்ளையார்பாளையம் போய்விட்டேன். அங்கே ஆபீஸ் நண்பன் ஒருவனின் சித்தப்பா தறி போட்டிருக்கிறார். நானும் அவரைச் சித்தப்பா என்றே கூப்பிடுவேன்.

பிள்ளையார்பாளையம் நெசவாளர் பேட்டை. வீடுகளுக்குள்ளிருந்து ‘டக்... டக்...’ என்று சத்தம் வரும். சித்தப்பா குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரை நாடா வீச அவர் அக்கா பையன், காலேஜ் படிக்கிறவன். தறிக்கட்டையில் சாய்த்து வைத்த செல்போனில் யாரோ முந்தின நாள் தோல்வியைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பொணத்தை அறுத்துக் காரணம் சொல்கிற டாக்டர் மாதிரி!

கோர்வைப் புடவை என்றால் உடம்பு ஒரு கலர், கரை வேற கலர். மூன்று நாடா ஓட வேண்டும். கரை இழையும் உடல் இழையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். முந்தானைக்கு வேற கலர் என்றால் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைக் கையாலேயே சேர்ப்பார்கள். அதற்குப் பெட்னி என்று பெயர். ஆயிரக்கணக்கான இழைகள்! புடவை இழுத்தால் கிழியலாம், கரை கழன்று வராது என்று இந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

“எப்படி இருக்கு சித்தப்பா நம்ம டீம்?” என்றேன்.

“பேசாதே தம்பி. வாயில நல்ல வார்த்தை வராது.”

சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் பேசினார். சொன்ன மாதிரியே நல்ல வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

“அப்ப பார்க்கிறதை விட்டுடலாமே?”

என்னை ஏதோ வெளிநாட்டுக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தார். “இழை அறுந்துட்டா தறியை வுட்டுட்டு எழுந்து போயிடறமா? திட்டிக்கினேதான் முடிச்சு போடறோம்.”

அந்த நேரம் பையன் செல்போனை எடுத்துக் கட்டைவிரலால் வேகமாக எதையோ தட்டினான். சித்தப்பா எட்டிப் பார்த்தார். தறி நின்றது.

“இன்னாடா இது?”

“எல்லாரும்தான் மாமா எழுதறாங்க.”

அவுட்டான ஓர் ஆட்டக்காரரைப் பற்றி எழுதியிருந்தான். ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, அவர் சம்சாரத்தைப் பற்றி நான்கு வார்த்தை. இங்கே அச்சிட முடியாது.

“அழி.”

“மாமா...”

“அவன் ஆடினதைத் திட்டு, நானும் கூடவே திட்டறேன். அவன் வீட்டுப் பொம்பளை இன்னா கேட்ச்சு வுட்டாங்க? அழிடா.”

பையன் அழித்தான். ‘டக்... டக்...’ மறுபடி ஆரம்பித்தது.

சின்ன விஷயம்தான். ஆனால் எனக்கு 2020 ஞாபகம் வந்தது. கொரோனா காலம், துபாய், அபுதாபியில் ஐ.பி.எல். சி.எஸ்.கே. முதல் தடவையாக பிளே-ஆஃப் போகாத வருஷம். அக்டோபரில் கொல்கத்தாவிடம் 10 ரன்னில் தோற்ற பிறகு, தோனியின் குட்டிப் பெண்ணைக் குறி வைத்து இன்டர்நெட்டில் ஒரு மிரட்டல் வந்தது. எழுதியது யார் என்று தேடினால், குஜராத்தில் 16 வயசுப் பையன். மிரட்டப்பட்ட குழந்தைக்கு அப்போது வயசு ஐந்து. தோற்றது 10 ரன்னில், ஸார்!

அந்தப் பையனையும் கட்டைவிரல் தட்டுகிற நேரத்தில் ஒரு மாமா எட்டிப் பார்த்திருந்தால் போலீஸுக்கு வேலை இருந்திருக்காது.

சரி, திட்டவே கூடாதா? திட்டலாம். தாராளமாகத் திட்டலாம். அதற்குக் காஞ்சிபுரத்தைவிட நல்ல சாட்சி வேறு ஊர் கிடையாது. சாமியையே உரிமையோடு திட்டி, அதட்டி, வேலை வாங்கினவர்களின் ஊர் இது.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏகாம்பரநாதர் கோயில் எட்டிப் போகிற தூரம்தான். சுந்தரர் கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிக் கிளம்பினார், இரண்டு கண்ணும் போச்சு. வழியெல்லாம் சிவனோடு சண்டை. திருவெண்பாக்கத்தில் போய் நின்றால் கண்ணுக்குப் பதில் ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சிபுரம் வந்துதான் இடது கண் திரும்பி வந்தது. மறு கண் திருவாரூரில். அங்கே அவர் பாடினது வேண்டுதல் மாதிரியே இருக்காது. ‘நான் எப்படியோ போறேன், நீராவது சௌக்கியமா இரும்’ என்று, கோபித்துக்கொண்ட வீட்டு மாப்பிள்ளை மாதிரியே இருக்கும். கோபித்தாரே தவிர வேற சாமியிடம் போய் அப்ளிகேஷன் போடவில்லை. அதனால்தான் அந்தத் திட்டு தேவாரத்தில் இடம் பிடித்தது.

மத்தியானம் இரண்டு காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டு மந்தாரை இலையில் வேகவைக்கிற வரதர் கோயில் இட்லி. சாப்பிட்டுவிட்டுச் சின்ன காஞ்சிபுரம் பக்கம் நடந்தேன். வரதர் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் திருவெஃகா. சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று சாமிக்குப் பெயர்.

கதை இதுதான். திருமழிசை ஆழ்வாரின் சிஷ்யர் கணிகண்ணன். பல்லவ ராஜா தன்னைப் பற்றிப் பாடச் சொன்னார். சிஷ்யர் மாட்டேன் என்றார். ஊரைவிட்டுப் போ என்றார் ராஜா. சிஷ்யர் போனால் எனக்கு இங்கே என்ன வேலை என்று ஆழ்வாரும் கிளம்பினார். போகிற போக்கில் பெருமாளையும் அதட்டினார்: உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு நீயும் வா! பெருமாள் மறுபேச்சுப் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். ஒரு ராத்திரி தங்கிய இடம்தான் பக்கத்திலிருக்கிற ஓரிருக்கை. ஊர் இருண்டது, ராஜா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார், எல்லோரும் திரும்பினார்கள். திரும்பி வந்ததற்கு அடையாளமாகப் பெருமாள் வழக்கத்துக்கு மாறாகத் திசை மாறிப் படுத்திருக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை.

ரசிகன் கிளம்பினால் கூடவே கிளம்புகிற சாமி! கிரிக்கெட்டில் இது தலைகீழாக நடந்தது. 2018-ல் காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச், பாக்கியெல்லாம் புனேவுக்குப் போய்விட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனது ரசிகர்கள்தான். ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயிலே போனது. அதற்கு முன்னால் 2016, 2017 இரண்டு வருஷம் டீமே தடையில் இருந்தது. ஆடாத டீமுக்கு ரசிகனாக இருந்த அனுபவம் உலகத்தில் எத்தனை பேருக்கு உண்டு? திரும்பி வந்த அந்த 2018-லேயே கப்!

ஆகக்கூடி, காத்திருப்பதும் தெரிய வேண்டும். அதையும் இந்த ஊரிடம்தான் கேட்க வேண்டும். வரதர் கோயில் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் இருக்கிற அத்தி வரதர் 1979-ல் வெளியே வந்தார். அடுத்து 2019-ல், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஒரு மாசம் படுத்த கோலம், மிச்ச நாள் நின்ற கோலம். இனி 2059. அந்த 48 நாளும் காஞ்சிபுரம் திணறியது. வெயிலில் மணிக்கணக்காக நின்றவர்கள் ஏற்பாட்டைத் திட்டினார்கள், கூட்டத்தைத் திட்டினார்கள், வி.ஐ.பி. பாஸைத் திட்டினார்கள். வரிசையைவிட்டு எத்தனை பேர் வெளியே போனார்கள் என்கிறீர்கள்? நாற்பது வருஷத்துக்கு ஒரு தரிசனம் தாங்குகிற ஊரில், பதினாலு மேட்ச் எந்த மூலைக்கு?

சாயங்காலம் காந்தி ரோடு திரும்பினேன். அரக்கும் இல்லை, மாம்பழ மஞ்சளும் இல்லை, மயில் கழுத்துக் கலர் ஜெயித்திருந்தது. பில்லைப் பார்த்ததும் 103 ரன் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

அந்த சீசன் அப்புறமும் திருந்தவில்லை. திங்கட்கிழமை லக்னோவில் ஜெயித்தார்கள், நம்பினோம். பிறகு ஹைதராபாத் முதல் தடவையாகச் சேப்பாக்கத்தில் ஜெயித்தது. பஞ்சாப் மேட்ச்சில் சாஹல் ஹாட்ரிக் எடுத்தார். பெங்களூரில் 17 வயசு ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94 அடித்தும் இரண்டே ரன்னில் தோல்வி. பதினாலில் நாலு வெற்றி, பத்து டீமில் பத்தாவது இடம். கடைசி இடம் என்பதே சி.எஸ்.கே. சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. நவம்பரில், 2023 ஃபைனலின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கப் வாங்கிக் கொடுத்த ஜடேஜாவையே ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள்.

ஆட்டக்காரரை மாற்றலாம். கோச்சை மாற்றலாம். ரசிகனை ஏலம் விட முடியுமா? ஒன்பது டீமில் எவனாவது நம்மை எடுப்பானா? அதனால்தான் நமக்கு இத்தனை கோபம். நம்மால் விட்டுவிட்டுப் போக முடியாது என்பது நமக்கே தெரிகிறது. போகிறவன் திட்டுவதில்லை, சத்தமில்லாமல் சேனல் மாற்றிவிடுவான். இருக்கிறவன்தான் கத்துகிறான். கத்தட்டும். ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் அது சுந்தரர் வழி. ஆட்டக்காரன் வீட்டுக் கதவைத் தட்டினால் அது போலீஸ் ஸ்டேஷன் வழி.

மே 25 சாயங்காலம். சீசனின் கடைசி மேட்ச், ஆமதாபாத். அட்டவணையில் முதலிடத்தில் இருந்த குஜராத்தைக் கடைசி இடத்து சி.எஸ்.கே. 83 ரன்னில் வெளுத்துவிட்டது. போன் அடித்தது. பிள்ளையார்பாளையம் சித்தப்பா.

“பார்த்தியா தம்பி? கல்யாணம் முடிஞ்சு பந்தலைப் பிரிச்சப்புறம் மேளக்காரன் வந்திருக்கான்! இவனுங்களை இன்னா பண்றது?”

பத்து நிமிஷம் திட்டினார். பையனும் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். இந்தத் தடவை எல்லாமே அச்சிடுகிற மாதிரிதான் இருந்தது.

“சரி வுடு. அடுத்த வருஷம் மொத மேட்ச்சு சேப்பாக்கத்துல போட்டா, எனக்கும் பையனுக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட் எடுத்து வெச்சிடு.”