நாற்பதோடு முடிந்ததோ கணக்கு?

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண்! பெண்ணின் பருவங்களை ஏழெனப் பகுத்தனர் நம் புலவர் பெருமக்கள். 5 வயதிலே தொடங்குகிறது கணக்கு, 40-இலே முடிகிறது. உலா நூல்களைப் புரட்டுங்கள்: மன்னன் வீதியிலே பவனி வருவான், ஏழு பருவத்தாரும் கண்டு மயங்குவர். 41 வயதுக்காரி எங்கே? அவளுக்கு வீதியிலே நிற்க இடமில்லை, ஏட்டிலே பெயருமில்லை. அவள் மயங்கினாளா, சிரித்தாளா, சந்தனம்தான் பூசினாளா, எவருக்கென்ன கவலை!

புலவரை விடுங்கள், பொன்னுக்குப் பாடியவர். இன்று அழகுப் பொருள் விற்போரும் அதே கணக்கைத்தான் போடுகின்றனர். எனக்கு வயது 62. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பேருந்தேறி நெல்லை சென்று, கடையொன்றிலே உதட்டுச் சாயம் கேட்டேன். "பேத்திக்கா, ஆச்சி?" என்றாள் விற்கும் பெண். நல்ல பிள்ளைதான். "எனக்குத்தானம்மா" என்றேன். திகைத்தாள், பிறகு, வயதைக் குறைத்துக் காட்டும் களிம்பொன்றை எடுத்து நீட்டினாள். நான் கேட்டது நிறம். அவள் தந்ததோ, மூத்துவிட்ட குற்றத்துக்கு மன்னிப்பு மனு!

1952-இல் டாட்டா குழுமம் தொடங்கியது லாக்மே. லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவமாம் அது. கடல் கடந்து வேடம் மாறி வந்தபோதும் அம்மைக்கு மூப்பு மட்டும் வரவில்லை பாருங்கள்! 1975-இல் வந்தது ஃபேர் அண்ட் லவ்லி. வெளுப்பே அழகென்று 45 ஆண்டுகள் விற்றபின், 2020-இல் அந்தப் 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' ஆயிற்று. நிறத்தைப் பற்றி வந்த வெட்கம் வயதைப் பற்றி இன்னும் வரக் காணோம்.

என் கணவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள். பதினாறாம் நாள் என் பொட்டையும் பூவையும் எடுக்க வந்த உறவினரை வாயிற்படியிலேயே நிறுத்தினேன். தொட்டிலில் கிடந்தபோதே என் தாய் இட்ட பொட்டு அது. அவர் கட்டியது தாலி ஒன்றே. அவர் தராததை அவர் பெயரால் பறிப்பானேன்? சாத்திரம் அன்று கேட்டது, "உனக்கேன் அழகு?" என்று. சந்தை இன்று சொல்கிறது, "உன் முகத்தை மறை" என்று. எங்களூர் மண்கோட்டைக்குள்ளே, கோட்டைப் பிள்ளைமார் குலப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மதில் தாண்டாது வாழ்ந்தனர். மண் மதிலைக் கண்ணால் காணலாம். இந்த மதிலை எங்ஙனம் காண்பது?

"அலங்காரமே அடிமை விலங்கல்லவா, அம்மா?" என்பீர்கள் இளைஞர்களே. மெத்தச் சரியான கேள்வி. பெண்ணை நகை தாங்கும் பேழையாக்கும் கொடுமையை எதிர்த்து மேடையேறியவள்தான் நானும். ஆனால் நான் வேண்டாமென்று விடுவது வேறு. உனக்குத் தகாதென்று பிறர் விலக்குவது வேறு. நரைத்த மீசைக்கு மை பூசிக் கூட்டத்துக்கு வரும் தோழரை, "யாருக்காக?" என்று எவரேனும் கேட்டதுண்டோ?

தேர்ந்தெடுக்கத் தெரியவும் வேண்டும். மூத்த தோலிலே எண்ணெய்ச் சுரப்பு குறையும். பவுடர் அப்பினால் சுருக்கங்களிலே தங்கிக் கோடுகளைத் தடித்துக் காட்டும். ஈரம் காக்கும் களிம்பே முதல் தேவை. அதன்மேல் நிறம் மெல்லியதாகவே போதும். உதட்டோரத்தில் பென்சிலால் வரைந்துகொண்டால் சாயம் வரிகளிலே வழியாது. ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள வேதிப்பொருள் சிலர் நெற்றியிலே வெண்திட்டு உண்டாக்கும். அரிப்புக் கண்டால் உடனே நிறுத்துக. வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. 2013-இன் மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுப் பொருள்களை 2020-க்குள் ஒழிக்கச் சொன்னது. ஆண்டுகள் கடந்தும் சந்தையிலே அவை அகப்பட்டே வந்திருக்கின்றன. செய்தவன் பெயரும் சேர்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவைத் தீண்டாதீர்.

நான் வாங்கியது மருதாணிச் சிவப்பு. அதைப் பூசிக்கொண்டுதான் ஓய்வூதியம் வாங்க வங்கிக்குச் சென்றேன். தெருவே பார்த்தது. எதிர்வீட்டு அக்காளுக்கு 70 வயது, பொட்டிழந்து முப்பதாண்டு. அன்று மாலை கதவோரம் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏட்டி, அது என்ன விலை?"